அரசாங்க நிலத்துக்கு அரசாங்கத்திடமே கடிதம் வாங்கி வரணுமாம்

மூன்றாவது தடவையும் என் சோலார் மானிய விண்ணப்பப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குத்து: "தாக் லெங்காப்". முழுமையாக இல்லையாம். சோலார் மானியம் கேட்டு ஆபீஸ் படி ஏறியவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் மசாலா மில் வைத்திருப்பவன் இந்த நேரத்தில் மில்லைச் சாத்தினால் என்ன நஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். சாத்திவிட்டுத்தான் போனேன். எட்டு மணிக்கு நம்பர் எடுத்தேன். 1062. நான்கு கவுண்டரில் இரண்டுதான் திறந்திருந்தது. பசியாறக்கூடப் போகவில்லை, நம்பர் தாண்டிவிடுமோ என்ற பயம்.

ஃபைலில் எல்லாம் இருந்தது. அடையாள அட்டை நகல், வியாபாரப் பதிவு, லைசென்ஸ், 12 மாதக் கரண்டு பில், பேங்க் கணக்கு, மூன்று இடத்துக் கொட்டேஷன். போன தடவை கூரைப் படம் இல்லை என்று அனுப்பினார்கள். அதற்காக என் மகன் ஏணி போட்டு ஏறினான். தகரத்தில் இருபது வருட மிளகாய்த் தூசி படிந்திருக்கிறது. காற்றடித்துக் கண்ணில் விழுந்து, பிள்ளை கண் திறக்க முடியாமல் அரை மணி நேரம் குழாயடியில் உட்கார்ந்திருந்தான். அந்தப் படங்களைக் கவுண்டரில் இருந்த பெண் பார்க்கவே இல்லை. என் மகள் வயசுதான் இருக்கும். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நில விவரம் கேட்கும் வரியில் விரல் நின்றது.

"அங்கிள், கெரான் மானா?"

கிராண்டு, அதாவது நிலப் பட்டா, எங்கே என்கிறாள். கிராண்டு இல்லை தாயே, டிஓஎல்தான் (அரசாங்க நிலத்தில் தற்காலிகமாக இருப்பதற்கான லைசென்ஸ்) இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அப்படியானால் நில உரிமையாளரிடம் அனுமதிக் கடிதம் வேண்டும் என்றாள். உரிமையாளர் யார்? மாநில அரசாங்கம்! நிலம் அரசாங்கத்துடையது, மானியமும் அரசாங்கத்துடையது, பாரமும் அரசாங்கத்துடையது. நடுவில் நான் ஒருவன் அங்கேயும் இங்கேயும் கடிதம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதைக் கேட்டால் அந்தப் பெண் பாவம், என்ன சொல்வாள்? "ஸாரி அங்கிள்" என்றாள். அடுத்த நம்பர் வந்துவிட்டது.

டிஓஎல் என்றால் என்ன என்று பாரம் தயாரித்தவர்களுக்குத் தெரியாதா? 1965 தேசிய நிலச் சட்டப்படி அது டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடியும். வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. அப்பா தவறியதும் மறுபடி முதலிலிருந்து என் பெயருக்கு எழுதி வாங்கினோம். சோலார் தகடு 25 வருடம் உழைக்கும். எங்கள் காகிதத்துக்கு ஆயுள் 12 மாதம். தோட்டத்தில் பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை வைத்தபோது லய வீட்டைக் காலி செய்து வந்தவர்கள் எத்தனை பேருக்குக் கிராண்டு இருக்கிறது? 1960-இல் அப்போதைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் (ரிங்கிட்) சேர்க்கச் சொல்லி நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே தோட்டத்து ஜனம் காலூன்ற ஒரு நிலம் வேண்டும் என்றுதானே. இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

ஆனால் எங்களிடம் காசு வாங்குவதற்கு மட்டும் கிராண்டு தேவையில்லை. கரண்டு பில்லை எடுத்துப் பாருங்கள், "கும்புலான் வாங் தெனாகா போலே பஹாரு" என்று ஒரு வரி இருக்கும். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. 2011 டிசம்பரில் பில்லில் 1 விழுக்காடாக ஆரம்பித்தது, 2014-இல் 1.6 விழுக்காடு ஆனது. என் மில்லில் பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஓடுகிறது. ஒரு மாதமும் பாக்கி வைத்ததில்லை. நான் கட்டிய காசு யாரோ ஒருவர் கூரைக்குப் போயிருக்கிறது, என் கூரைக்கு வரவில்லை.

2024-இல் கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி, அதிகபட்சம் 4,000 வெள்ளி என்று கொடுத்தார்களே, அது வீடுகளுக்கு. கம்பெனிகளுக்கு வரிச்சலுகை உண்டு, அது பெரிய வரி கட்டுகிறவனுக்குத்தான் லாபம். பகலெல்லாம் அரைக்கிற மில்லுக்குப் பகலில்தான் கரண்டு வேண்டும், வெயிலும் பகலில்தான் அடிக்கிறது. இதைவிடப் பொருத்தமான கூரை எங்கே கிடைக்கும்? பக்கத்தில் கீரைத் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் இன்னும் டீசல் பம்பில்தான் தண்ணீர் இறைக்கிறார். 2024 ஜூனில் ஒரு லிட்டர் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே ராத்திரியில் 3.35 ஆனது. அவரும் டிஓஎல்தான். விண்ணப்பமே போடவில்லை.

தங்கச்சி மகன் அமெரிக்காவைப் பாருங்க மாமா என்கிறான். அங்கே விவசாயிக்கும் கிராமத்துச் சின்னக் கடைக்கும் என்றே ஒரு திட்டம் இருக்கிறது. 2022-இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்துக்குப் பிறகு செலவில் பாதி வரைக்கும் மானியம் கொடுத்தார்கள். ஆனால் முதலில் கைக்காசு போட்டுக் கட்டி முடிக்க வேண்டும், பிறகுதான் பணம் வரும். 2025 தொடக்கத்தில் ஆட்சி மாறியதும் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். கடன் வாங்கிக் கட்டியவர்கள் தவித்துப் போனார்கள். எந்த ஊரானாலும் சின்னவன்தான் முதலில் கைக்காசு போட வேண்டியிருக்கிறது. என் கொட்டேஷன் 45,000 வெள்ளி. அவ்வளவு காசு என்னிடம் இருந்தால் மூன்று தடவை நம்பர் எடுத்து உட்கார்ந்திருப்பேனா?

மதியம் திரும்பி வந்தால் மில் வாசலில் பதினோரு பை காத்திருக்கிறது. முதல் பையைக் கொட்டினேன், மிளகாய் ஈரம்! கல்லில் அப்பிக்கொண்டு மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. கத்தியால் சுரண்டிச் சுரண்டி விரலெல்லாம் எரிகிறது, இதை அந்த விரலால்தான் எழுதுகிறேன். அரைக்கக் கொண்டு வருகிறவர்களுக்கு மனசாட்சி வேண்டாமா ஐயா? மிளகாயை இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து, வறுத்து, ஆறவிட்டுக் கொண்டு வாருங்கள். வெயிலுக்காவது கிராண்டு கேட்க மாட்டார்கள்.