வாசனை ஜாடி

(மாடி வீட்டு வாசல். குமார் கையில் ஊறுகாய் பாட்டில்.)

குமார்: கோமதிக்கா, காஞ்ச பூவுல வாசனை ஜாடி, அதான் பாட்பூரி, செஞ்சிருக்கேன். மோந்து பாருங்க.

கோமதி: (திறந்து, சட்டென மூடி) உள்ள எலி ஏதும் செத்துக் கிடக்கா?

குமார்: நம்ம தொட்டி மல்லிதான்க்கா! மொட்டைமாடி வெயில்ல காய வெச்சேன்.

கோமதி: மல்லி வாசம் பூத்த ராத்திரியோட சரி, காஞ்சா வெறும் சருகு. பன்னீர் ரோஜா, மரிக்கொழுந்து, துளசி, இதுங்கதான் காஞ்சும் மணக்கும். அதையும் வெயில்ல போட்டா நிறம் வெளுத்து, வாசம் ஆவியாப் போயிடும். நிழல்ல, பேப்பர் மேல ஒத்தை வரிசையாப் பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் விடணும்.

குமார்: வெள்ளையா நூல் நூலா இருக்கே, அது?

கோமதி: பூஞ்சை. காம்போட அள்ளிப் போட்டிருக்கே, ஈரம் அங்கதான் நிக்கும். நசுக்கினா அப்பளமா நொறுங்கணும். வளைஞ்சா இன்னும் காயலைன்னு அர்த்தம்.

குமார்: வாசம் வரலையேன்னு ரோஜா எண்ணெய் பாதி பாட்டில் ஊத்தினேனே!

கோமதி: பூ மேலயேவா? அதான் இந்தச் சொதசொதப்பு. எண்ணெயைப் பிடிச்சு வெச்சுக்க வெட்டிவேர் வேணும்டா. நாலு கப் காஞ்ச பூவுக்கு ரெண்டு மேசைக்கரண்டி, அரை அங்குலமா நறுக்கினது. அது மேல 10 சொட்டு விட்டு ஒரு ராத்திரி மூடி வை. வேர் குடிச்சுக்கிட்டு மெல்ல மெல்ல விடும். அப்புறம் பூ, இடிச்ச பட்டை ஒரு ஸ்பூன், கிராம்பு ஒரு ஸ்பூன், உள்பக்க வெள்ளையைச் சுரண்டிக் காய வெச்ச ஆரஞ்சுத் தோல்.

குமார்: உடனே ஹால்ல வெச்சிடலாமா?

கோமதி: அவசரக்குடுக்கை! கண்ணாடி ஜாடியில முக்கால் அளவு போட்டு, இருட்டுல நாலு வாரம். ரெண்டு நாளைக்கு ஒருதரம் குலுக்கணும். முதல் வாரம் கிராம்பு மட்டும்தான் கத்தும், பயந்துடாதே.

குமார்: பிளாஸ்டிக் டப்பா?

கோமதி: அது எண்ணெயை உறிஞ்சிக்கும். பின்னால அதுல பருப்பு போட்டு வெச்சே, சாம்பார்ல ரோஜா மணக்கும்.

குமார்: பீரோவுக்கு?

கோமதி: மெல்லிசு பருத்தித் துணியில முடிஞ்சு ஹேங்கர்ல தொங்க விடு. பட்டுப் புடவை மேல மட்டும் வெச்சிடாதே, எண்ணெய்க் கறை லேசுல போகாது. என்னடா, பேச்சையே காணோம்?

குமார்: அக்கா... முகூர்த்தப் புடவையா இருந்தாலும் போகாதா?