கருப்பட்டி என்றுதான் சொல்வேன்

சனிக்கிழமை லண்டனில் ஒரு பீர் சுவைக்கூட்டத்தில் நடந்ததை ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிட்டேன். படித்தவர்களுக்குத் தெரியும், மறுபடி முழுக்கச் சொல்லப் போவதில்லை. அந்தப் பதிவுக்கு வந்த பின்னூட்டங்களை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் அந்தக் கூட்டத்தை நடத்திய மனிதர் என்னிடம் செய்தது சரி என்கிறார்கள். அதுவும் நம் ஆட்கள். அதனால்தான் வேலை முடிந்து வந்த களைப்போடு இதை எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் ஒன்றுதான். அன்று ஊற்றிய நான்காவது பீர் ஓர் இம்பீரியல் ஸ்டவுட், கருப்பான கடுமையான வகை. அதில் எனக்குக் கருப்பட்டி தெரிந்தது. கருப்பட்டி என்று சொன்னேன், சுவைக்குறிப்புத் தாளிலும் எழுதினேன். சுவைக்கூட்டத்தை நடத்தியவர் "அது சுவைச்சொல் கிடையாது, மொலாசஸ் என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு என் தாளை இழுத்து, நான் எழுதியதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே அவரே மொலாசஸ் என்று எழுதினார். சிரிப்பைக்கூட மறந்திருப்பேன். அந்தக் கோடுதான் மறக்கவில்லை.

அது மொலாசஸ் இல்லை, கருப்பட்டி. இரண்டும் வேறு.

மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு. நல்லதெல்லாம் போனபின் தங்குவது. அதில் ஒரு இரும்பு வாடையும் நாக்கைப் பிடிக்கும் கசப்பும் இருக்கும். கருப்பட்டியில் எதையும் பிரித்து எடுப்பதில்லை. பதநீர் முழுவதும் சுண்டி இறுகியது அது. அதில் புகை இருக்கும், மெல்லிய உப்பு இருக்கும், தொண்டையில் இறங்கியபின்னும் போகாத ஓர் இனிப்பு இருக்கும். அந்த ஸ்டவுட்டில் எனக்குத் தெரிந்தது இந்தப் புகையும் உப்பும்தான். மொலாசஸ் என்று எழுதினால் அந்த இரண்டும் விட்டுப்போகும். அதாவது அவர் என் சொல்லை மொழிபெயர்க்கவில்லை, என் நாக்கு சொன்னதைத் தப்பாக எழுதினார்.

அந்த பீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னூட்டத்தில் பலருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. 10 சதவீத ஆல்கஹால். சாதாரண பீரைப் போல இரண்டு மடங்கு. ஊற்றும்போது எண்ணெய் மாதிரி இறங்குகிறது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாலும் ஒளி ஊடுருவாத கருப்பு. நுரையே வெள்ளை கிடையாது, டிகாக்ஷனில் இரண்டு சொட்டுப் பால் விட்ட நிறம். ஆளுக்கு 80 மில்லிதான் ஊற்றினார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடித்தால் கரிந்த கசப்பு மட்டும்தான் வரும். நான் கிளாசைக் கையில் பொத்திக்கொண்டு கால் மணி நேரம் சும்மா இருந்தேன். 12, 13 டிகிரிக்கு வந்தபின்தான் அது வாய் திறக்கும். முதலில் வறுத்த காப்பிக்கொட்டை, பிறகு பேரீச்சம்பழம், பிறகு மூக்கு வழியாக ஒரு சூடு. கடைசியில், விழுங்கி முடித்தபின், அடிநாக்கில் அது வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். வேறு சொல்லே தோன்றவில்லை.

அடுத்து ஐந்தாவது குப்பி. சசெக்ஸில் லூயிஸ் என்ற ஊரின் ஹார்வீஸ் தயாரிப்பு, 9 சதவீதம், அருமையான சரக்கு. புளிப்பும் தோல் வாடையும் சேர்ந்த பழைய பாணி ஸ்டவுட். அதை முகர்ந்ததும் கூட்டம் நடத்தியவர் "குதிரைப் போர்வை" என்றார். எல்லோரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். குதிரைப் போர்வை! அது பீர்க்காரர்களிடம் நெடுநாளாகப் புழங்கும் சொல்தான், நானும் மறுக்கவில்லை. பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் தரும் வாடைக்கு அந்தப் பெயர். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாசன் என்பவர் 1904 வாக்கில் இதைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தின் பழைய பீர்களில் இருந்த தனி வாசத்துக்கு இதுதான் காரணம் என்று கண்டு, பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள்படும் பெயரையே வைத்தார். ஒரு டேனிஷ்காரர் முகர்ந்து, ஒரு நாட்டின் பெயரைச் சூட்டினார். அது அறிவியல் ஆயிற்று. லண்டனில் உட்கார்ந்திருந்த எத்தனை பேர் குதிரைப் போர்வையை முகர்ந்திருப்பார்கள்? நான் முகர்ந்ததில்லை. ஆனாலும் எழுதினேன், ஒருவர் சொல்கிறார் என்ற மரியாதையில். அந்த மரியாதைதான் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய பீருக்கு நனைந்த அட்டை என்று சொல்லலாம், கிறிஸ்துமஸ் புட்டிங் என்று சொல்லலாம், ரொட்டியில் தடவும் மார்மைட் என்று சொல்லலாம். அவையெல்லாம் அவரவர் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த சொற்கள். என் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு சொல் வந்தால் அடித்துவிட வேண்டுமா?

இந்த வகை பீரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யன் இம்பீரியல் ஸ்டவுட். இது ரஷ்யாவில் பிறந்ததில்லை. லண்டனில், தேம்ஸின் தென்கரையில் சதக்கில் இருந்த ஆங்கர் ப்ரூவரி என்ற பீர் ஆலையில் காய்ச்சியது. ஹென்றி த்ரேல் அதன் முதலாளி. அவர் இறந்தபின் 1781இல் பார்க்ளே, பெர்கின்ஸ் கைக்குப் போனது. அந்த ஆலை விற்பனையை முன்னின்று பார்த்தவர்களில் ஒருவர் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன். 1796இல் ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர் தன் நாட்குறிப்பில், த்ரேலின் ப்ரூவரியிலிருந்து வந்த போர்ட்டர், அதாவது ஸ்டவுட்டுக்கு முன்னோடியான கருப்பு பீர், குடித்ததாகவும், அது ரஷ்யப் பேரரசிக்கென்றே காய்ச்சியது, ஏழு வருஷம் கெடாது என்று கொடுத்தவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். கவனியுங்கள், கை மாறி 15 வருஷம் ஆனபின்னும் அவருக்கு அது த்ரேல்தான். மக்கள் வாயில் பழகிய பெயர் அப்படி. லண்டன் தண்ணீரில் காய்ச்சிய பீருக்கு வாங்கிக் குடித்தவர்களின் பெயர் ஒட்டிக்கொண்டது, 200 வருஷமாக யாரும் அதை அடித்துத் திருத்தவில்லை.

சனிக்கிழமை கூட்டம் நடத்தியவர் இதைச் சொல்லவில்லை. பால்டிக் கடலில் போகும்போது உறையாமல் இருக்கத்தான் இவ்வளவு ஸ்ட்ராங்காகக் காய்ச்சினார்கள் என்ற கதையைச் சொன்னார். குளிர்காலத்தில் அந்தத் துறைமுகங்களே உறைந்துவிடும், கப்பலே போகாது. சாதாரண போர்ட்டரும் அதே வழியில் போய் விற்றிருக்கிறது. கடுமையான பீரை அங்கே பணக்காரர்கள் விரும்பினார்கள், காசு கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1869இல் பால்டிக்கில் மூழ்கிய ஒலிவா என்ற கப்பலிலிருந்து 1974இல் மூழ்காளர்கள் குப்பிகளை எடுத்தார்கள், அவற்றில் ஏ. லெ காக் என்ற ஏற்றுமதியாளரின் பெயர் இருந்தது. இந்த உண்மைக் கதையே எவ்வளவு அழகு! அதை விட்டுவிட்டு உறைபனிக் கதையைச் சொன்னபோது நான் கை தூக்கித் திருத்தவில்லை. பத்துப் பேர் முன்னால் ஒருவரைத் திருத்துவது எனக்கு வராது. அவருக்கு வந்தது.

"கேட்பவர்களுக்குப் புரியாத சொல்லை எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன். புரியவில்லை என்றால் என்னவென்று கேட்கலாம். பத்து வினாடி ஆகும். என் பக்கத்தில் இருந்த பெண் கேட்டார். பனைமரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுப்பது, கொஞ்சம் புகையும் உப்பும் இருக்கும் என்றேன். அவர் மறுபடி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆமாம், அந்த உப்பு எனக்கும் தெரிகிறது" என்றார். சொல் தெரியாதவருக்கும் சுவை தெரிந்துவிட்டது. சுவைச்சொல்லுக்கு இதைவிட வேறென்ன வேலை?

"அவர் நல்லவர், வேண்டுமென்று செய்யவில்லை." இருக்கட்டும். கோடு கோடுதான்.

அடுத்தது, என்னை மிகவும் உறுத்தியது. "பனையேறியின் வியர்வையைப் போய் வெள்ளைக்காரன் சாராயத்தோடு சேர்க்கிறாயே, வெட்கமாக இல்லையா?" இதற்கு இருநூறு விருப்பக்குறிகள். யாரிடம் சொல்கிறீர்கள்? என் தாத்தா பனையேறி. உடன்குடிப் பக்கம். மாசியில் தொடங்கினால் ஆடி வரை பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிதான் எங்களுக்கு வீடு. தாத்தா விடியுமுன் ஏறி இறக்கும் பதநீரை ஆச்சி வடிகட்டித் தாச்சியில் ஊற்றுவாள். காய்ந்த மட்டையும் ஓலையும்தான் விறகு. பொங்கி வந்தால் நசுக்கிய ஆமணக்கு விதை கொஞ்சம் போடுவாள், நுரை அடங்கிவிடும். நிறம் மாற மாற அவள் பேசுவதை நிறுத்திவிடுவாள். துடுப்பைத் தூக்கிப் பாகு சொட்டுவதையே பார்ப்பாள். பதம் ஒரு நிமிஷம் தப்பினால் முழுத் தாச்சியும் கசந்துவிடும். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆற வைப்பாள். துடுப்பில் ஒட்டியது எங்களுக்கு. அந்தச் சூட்டில், கையில் ஓலையை வைத்து வழித்து நக்கிய அந்த ருசிதான் சனிக்கிழமை வந்தது. கடையில் வாங்கிய கருப்பட்டி இல்லை, துடுப்புக் கருப்பட்டி.

இரண்டும் ஒத்துப்போவது என் கற்பனையும் இல்லை. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, 200 டிகிரிக்கு மேல் வறுக்கும் உருளைக்கு டேனியல் வீலர் என்பவர் 1817இல் காப்புரிமை பெற்றார், கருப்பு ஸ்டவுட்டின் கரிந்த கசப்பு அந்த மால்ட்டிலிருந்து வருகிறது. இனிப்பும் புரதக்கூறும் சேர்ந்து சூட்டில் பழுப்பாவதை 1912இல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கினார். தாச்சியில் நடப்பதும் அதுதான், ப்ரூவரியில் நடப்பதும் அதுதான். சரி, சாராயத்தோடு சேர்க்காதே என்கிறீர்களே, கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை. தாத்தாவுக்கு அதில் வெட்கம் இருந்ததில்லை. கள் ஒரு நாள் தாண்டினாலே புளித்துவிடும். ஏழு வருஷம் நிற்கும் ஒன்றைக் காய்ச்ச முடியும் என்று சொல்லியிருந்தால் அவர் எப்படி என்றுதான் கேட்டிருப்பார். எதையும் அப்படித்தான் கேட்பார்.

குடியைப் பெருமையாக எழுதுகிறேன் என்பவர்களுக்கு. என் பெரியப்பா குடித்தே செத்தார், 46 வயதில். காலையில் பல் தேய்க்குமுன் ஆரம்பிப்பார். என்ன குடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, விழுங்கினால் போதும். பெரியம்மா தாலியை அடகு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். குடி என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். 80 மில்லியை முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டு, இது என்ன, எங்கிருந்து வருகிறது, எதைப்போல் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தவனைப் பெரியப்பாவோடு சேர்த்து வைத்துப் பேசுகிறீர்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. வேண்டாம், இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. ஒரு தாளில் ஒரு சொல். அவர்கள் அதைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. என் தாளில், என் கையெழுத்தில் இருந்ததை விட்டிருக்கலாம். லண்டனுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவர்கள் சொற்கள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். டாஃபி, ட்ரீக்கிள், லிக்கரிஷ், எதைக் கேட்டாலும் வாங்கி ருசித்துப் பார்த்துத்தான் எழுதுவேன். ஏமாற்றி எழுதியதில்லை.

நேற்று ராத்திரி அந்த நான்காவது ஸ்டவுட்டிலேயே ஒரு குப்பி வாங்கி வந்தேன். அம்மா போன தடவை கொடுத்தனுப்பிய ஓலைப்பெட்டியில் இன்னும் கொஞ்சம் கருப்பட்டி இருந்தது. குப்பியை ஒரு மணி நேரம் மேஜைமேல் வைத்து, குளிர் விட்டபின் பாதி கிளாஸ் ஊற்றினேன். கருப்பட்டியை உடைத்து ஒரு சில்லை வாயில் போட்டு, கரைய விட்டு, ஒரு வாய் குடித்தேன். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. பீர் கொஞ்சம் அதிகமாகக் கசந்தது, கருப்பட்டியில் உப்பு கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை அதே இடத்தில் கூட்டம் இருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறேன், போவேன். ஓலைப்பெட்டியில் எட்டுச் சில்லு மிச்சம் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு ஒன்று. அவருக்கும் ஒன்று.