பணத்தை எப்போது கட்டுவீர்கள்?
2014 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி ஒன்றின் தலைவரான ஜூலியஸ் மலேமா, அன்றைய அதிபர் ஜூமாவைப் பார்த்து ‘பணத்தை எப்போது கட்டுவீர்கள்?’ என்று கேட்டது வெறும் அமளி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ன்காண்ட்லா என்ற ஊரில் உள்ள ஜூமாவின் சொந்த வீட்டுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் சுமார் 24 கோடி ராண்ட் மக்கள் பணம் போயிருந்தது. மாட்டுத் தொழுவம், கோழிக்கூடு, நீச்சல் குளம் எல்லாம் அதில் அடக்கம். குளம் தீயணைக்கத் தண்ணீர் எடுப்பதற்கு என்று அடுத்த வருடம் காவல்துறை அமைச்சரே வாதாடினார். மக்களை எவ்வளவு மட்டமாக நினைத்திருந்தால் இப்படிப் பேச முடியும்?

ஒரு பகுதியையாவது திருப்பிக் கட்டச் சொல்லி அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் பொதுமக்கள் பாதுகாவலர் தூலி மடோன்செலா அறிக்கை கொடுத்து மாதங்கள் ஆகியும் பணம் வரவில்லை. முகத்துக்கு நேரே கேட்காமல் வேறென்ன செய்வது? அப்புறம் நீதிமன்றம் போனதும் மலேமாவின் கட்சிதான். 2016 மார்ச்சில் வந்த தீர்ப்பு, நாடாளுமன்றமும் தன் கடமையில் தவறியது என்றது. அந்த வருடமே ஜூமா 78 லட்சம் ராண்ட் கட்டினார்.