சூடு ஏறினா வாயு வெளிய போயிடும்ங்கிறது எல்லாத்துக்கும் செல்லாது

திரவத்துல வாயு கரையிறதப் பத்தின இந்தக் கட்டுரைல “எந்தத் திரவமா இருந்தாலும் சூடு ஏற ஏற வாயு கரையிறது குறையும்”னு ஒரு வரி வருதே, நாம பாக்குற தண்ணிக்கு அது ஓகே, உருகுன உப்புக்கு அப்படியே தூக்கிப் போட முடியாதுங்க. ஹீலியம், நியான், ஆர்கான், செனான்னு எதோடயும் ஒட்டாத வாயுங்க உருகுன ஃப்ளூரைடு உப்புல (ஃப்ளூரின் சேந்த உப்பு, சூடு பண்ணி திரவமாக்கினது) நேர் எதிரா நடந்துக்கும், 600 டிகிரிய விட 800 டிகிரில ஜாஸ்தியா கரையும். ஏன்னா உப்புல இருக்குற அயனிங்க (மின்னூட்டம் உள்ள அணுக்கள்) ஒண்ண ஒண்ணு இறுக்கிப் புடிச்சிட்டிருக்க இடத்துல வாயு அணு நுழையணும்னா ஒரு ஓட்டை போட்டாகணும், அதுக்கு எனர்ஜி வேணும், உள்ள போனப்புறம் உப்பு அத இழுத்து வெச்சுக்கிறதுல பெருசா ஒண்ணும் திரும்பக் கிடைக்காது, அதான் சூடு கூடினா கரையிறதும் கூடுது. குட்டி ஹீலியம் நிறைய கரையுது, குண்டு செனான் ரொம்பக் கம்மியா கரையுதுன்னா அதுக்கும் இதே ஓட்டை கணக்குதான்.

ஹைட்ரஜன் ஃப்ளூரைடு கதையே வேற. அது ஃப்ளூரைடு அயனியோட ஒட்டிக்கும், சூடு ஏறினா குறையும்.

இதெல்லாம் சும்மா லேப் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க, அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துல 1965லருந்து 1969 வரைக்கும் ஓடுன உருகிய உப்பு ரியாக்டர்ல (உருகுன ஃப்ளூரைடு உப்புலயே எரிபொருளக் கரைச்சு ஓட்டுற அணு உலை) செனான்-135 பெரிய தலைவலி, அணு பிளக்குறப்ப உண்டாகுற இந்த செனான் வகை, அணுப்பிளவு தொடர்ந்து நடக்கத் தேவையான நியூட்ரான முழுங்கித் தள்ளும். பம்ப் தொட்டிக்குள்ள உப்ப பீய்ச்சி விட்டு மேல ஹீலியத்த ஓட்டி அந்த செனான வெளிய எடுத்தாங்க, செனான் சரியா கரையாததுதான் அங்க வசதியாப் போச்சு. ஆனா அதே செனான், உலைக்குள்ள நியூட்ரான் வேகத்தக் குறைக்க வெச்சிருக்குற கிராஃபைட்டோட துளைக்குள்ளயும் போய் ஒளிஞ்சுக்கும், அந்த விஷயத்த கட்டுரைல தொடவே இல்லயே?