நடுவயசுக்காரன் மூணாவது வாரம்தான் வருவான்

ஒவ்வொரு ஆஸ்கர் சீசனிலும் சினிமா நண்பர் யாராவது ஒருத்தர் இதை எழுதிவிடுகிறார்: "நாப்பது தாண்டினவங்களைப் பத்தின காமெடிக்கெல்லாம் இனிமே தியேட்டர்ல ஆள் வராது. ஓடிடிக்குன்னே எடுக்க வேண்டியதுதான்." கூடவே வசூல் கணக்கையும் எடுத்துப் போடுவார். கணக்கில் தப்பிருக்காது. அதை வைத்து அவர் வந்து நிற்கும் முடிவோடுதான் எனக்குச் சண்டை.

ரெண்டே ரெண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் இயக்குநர் அலெக்சாண்டர் பெய்ன். இரண்டிலும் நாயகன் பால் ஜியாமட்டி. இரண்டிலுமே அவர் ஒரு பள்ளி ஆசிரியர், எழுத நினைத்ததை எழுதி முடிக்காதவர் அல்லது எழுதியும் கரை சேராதவர், வாய் மட்டும் நீளம். முதல் படம் 'சைட்வேஸ்', 2004. இரண்டாவது 'தி ஹோல்டோவர்ஸ்', 2023. இரண்டுமே தலா ஐந்து ஆஸ்கர் பரிந்துரை பெற்று, தலா ஒன்றை வாங்கின. விமர்சகர்கள் இரண்டையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது கல்லாப்பெட்டி. அமெரிக்கா, கனடா சேர்த்து 'சைட்வேஸ்' வசூலித்தது 7 கோடியே 15 லட்சம் டாலர். 'ஹோல்டோவர்ஸ்' 2 கோடியைத் தாண்டியதும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. டிக்கெட் விலையையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிசு. 2004-இல் அங்கே சராசரி டிக்கெட் 6 டாலர் 21 சென்ட். ஆக முதல் படத்துக்கு சுமார் ஒரு கோடியே 15 லட்சம் டிக்கெட் விற்றிருக்கிறது. 2023-இல் டிக்கெட் பத்து டாலரைத் தாண்டிவிட்டது, அந்தப் படத்துக்கு இருபது லட்சம் டிக்கெட்கூடத் தேறாது. அதே இயக்குநர், அதே நடிகர். ஆறு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருத்தர்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று நண்பர் துள்ளுவது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இரண்டு படங்களின் முதல் வார இறுதியை மட்டும் பாருங்கள். 'சைட்வேஸ்' 2004 அக்டோபர் 22 அன்று வெறும் நான்கே தியேட்டர்களில் வந்து, அந்த வார இறுதியில் 2 லட்சத்து 7 ஆயிரம் டாலர் எடுத்தது. தியேட்டருக்கு ஐம்பதாயிரம் டாலருக்கும் மேலே. 'ஹோல்டோவர்ஸ்' 2023 அக்டோபர் 27 அன்று ஆறு தியேட்டர்களில் வந்தது. எடுத்தது அதே இரண்டு லட்சத்துச் சொச்சம். மாதம் அதே, தொகையும் ஏறக்குறைய அதே. கதை பிடிக்காமல் ஆள் வராமல் போயிருந்தால் அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா? பிரிந்த இடம் வேறு.

'சைட்வேஸ்' பார்க்காதவர்களுக்கு: மைல்ஸ் விவாகரத்தானவன், பதிப்பாளர் கிடைக்காத நாவலைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டிருப்பவன், ஒயின் பைத்தியம். அவனுடைய கல்லூரி நண்பன் ஜாக்குக்கு அடுத்த வாரம் கல்யாணம். அதற்கு முன் ரெண்டு பேரும் கலிபோர்னியாவில் சாண்டா யினெஸ் பள்ளத்தாக்கின் ஒயின் தோட்டங்களைச் சுற்றக் கிளம்புகிறார்கள். போகிற வழியில் மைல்ஸ் அம்மாவைப் பார்க்க இறங்குகிறான். அம்மாவுக்கு மறுநாள் பிறந்த நாள், கையில் பூங்கொத்து. அம்மாவும் நண்பனும் கீழே பேசிக்கொண்டிருக்கும்போது இவன் படுக்கையறைக்கு நைசாகப் போய், அம்மா ஒளித்து வைத்திருக்கும் பணத்தை உருவிக்கொள்கிறான். அங்கே சுவரில் மாட்டியிருக்கும் பழைய குடும்பப் புகைப்படங்களை ஒரு நிமிஷம் பார்க்கிறான். அப்புறமும் எடுத்த பணத்தைத் திருப்பி வைப்பதில்லை. சிரிப்பும் வருகிறது, சிரித்ததற்கு வெட்கமாகவும் இருக்கிறது. இருபத்திரண்டு வயசில் இந்தக் காட்சியைப் பார்ப்பவன் "சீ, இவன் திருடன்" என்பான். நாற்பத்தைந்தில் பார்ப்பவன் வாயைத் திறக்க மாட்டான்.

இந்தச் சுயாதீனப் படத்துக்கு ஆன செலவு 1 கோடியே 60 லட்சம் டாலர். ஹாலிவுட் அளவுகோலில் சில்லறை. அது சில்லறையாகவே இருந்ததற்குக் காரணம் பெய்னின் பிடிவாதம். ஜாக் வேடத்துக்கு ஜார்ஜ் குளூனியே ஆசைப்பட்டார். இவ்வளவு பெரிய நட்சத்திரம் போய் மவுசு போன டிவி நடிகனாக நடித்தால் யார் நம்புவார்கள் என்று பெய்ன் வேண்டாம் என்றுவிட்டார். நிஜத்திலேயே டிவி தொடரில் பேர் வாங்கி, பிறகு கொஞ்சம் ஒதுங்கியிருந்த தாமஸ் ஹேடன் சர்ச் உள்ளே வந்தார். குளூனி வந்திருந்தால் பட்ஜெட் எகிறியிருக்கும், ஸ்டூடியோ பயந்துபோய் ரெண்டாயிரம் தியேட்டரில் ஒரே நாளில் இறக்கியிருக்கும், மூன்றாம் வாரம் பெட்டி திரும்பியிருக்கும். இது என் யூகம்தான், ஆனால் நல்ல யூகம்.

(ஃபாக்ஸ் சர்ச்லைட் வெளியிட்ட படத்தைச் சுயாதீனப் படம் என்று எப்படிச் சொல்லலாம் என்று கமெண்டில் வரப் போகிறவர்களுக்கு: ஆமாம், அது பெரிய ஸ்டூடியோவின் சின்ன வீடுதான். ஆனால் சுயாதீனப் படங்களுக்கென்றே தரும் இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் அந்த வருஷம் ஆறை இந்தப் படம்தான் வாரிக்கொண்டு போனது. அவர்களுக்கே உறுத்தாதது நமக்கு எதற்கு.)

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் நான்கு தியேட்டரில் தொடங்கிய படம், நவம்பர் முழுக்க ஊர் ஊராக, மெதுவாக ஏறியது. டிசம்பரில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் சங்கங்கள் இரண்டுமே இதைத்தான் ஆண்டின் சிறந்த படம் என்றன. ஜனவரியில் கோல்டன் குளோப். ஜனவரி 25-இல் ஆஸ்கர் பரிந்துரை. அதற்குப் பிறகுதான், அதாவது படம் வந்து மூன்று மாதம் ஆன பிறகுதான், ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களுக்குக் கொண்டுபோனார்கள். டிவிடி கடைக்கு வந்தது ஏப்ரலில். ஐந்து மாதத்துக்கு மேல், இந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டைவிட்டுக் கிளம்பினால்தான் உண்டு. உலக அளவில் வசூல் கிட்டத்தட்ட 11 கோடி டாலர். போட்டதைப் போல ஆறேழு மடங்கு.

இவ்வளவுக்கும் ஜியாமட்டிக்கு நடிகர் பரிந்துரை கிடைக்கவில்லை. இருபது வருஷம் கழித்தும் எனக்கு ஆறாத கோபம் அது, இந்தப் பதிவுக்கு அவசியமில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

நடுவயசு ரசிகனை வியாபாரம் புரிந்துகொள்ளாததுதான் என் வாதம். அவன் முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிறவன் இல்லை. எங்கள் வாட்ஸப் குரூப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். ஒரு படத்துக்குப் போகலாம் என்று ஒருத்தன் போஸ்டர் போடுவான். முதல் வாரம் ஒருத்தனுடைய அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டாம் வாரம் இன்னொருத்தன் பையனுக்கு மாடல் எக்ஸாம், "அவன் படிக்கும்போது நான் சினிமாவுக்குப் போனா வீட்ல நல்லாவா இருக்கும்?" அதற்குள் நாலு பேர் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். நமக்கு அந்த நாலு பேர் சொல்வதுதான் டிரெய்லர். மூன்றாம் ஞாயிறு ஒருவழியாக எல்லார் வீட்டிலும் உத்தரவு கிடைத்து ஆப்பைத் திறந்தால், ஊரின் மறுகோடியில் ஒரே ஒரு ஷோ, ராத்திரி 10.40-க்கு. பத்தரைக்கு நாங்கள் மாத்திரை போட்டுத் தூங்கப் போகிற ஆட்கள். "சரி விடு மச்சான், ஓடிடில பாத்துக்கலாம்."

இதில் ரசிகன் மேல் என்ன தப்பு? அவன் வரத்தான் செய்தான். போய்ச் சேரும்போது கடை சாத்தியிருந்தது.

ஹோல்டோவர்ஸுக்கு நடந்தது இதேதான். ஃபோகஸ் ஃபீச்சர்ஸ் 2022-இல் டொரான்டோவில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 3 கோடி டாலருக்கு வாங்கியது. அவ்வளவு நம்பிக்கை. அக்டோபர் 27-இல் ஆறு தியேட்டர், நவம்பர் 10-இல் நூற்றுக்கணக்கான தியேட்டர்கள். நவம்பர் 28-இல் வீட்டிலிருந்தே காசு கட்டி வாடகைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். பரவலாக வெளியாகி முழுசாக மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் முடிவதற்குள் பீகாக் என்ற ஓடிடி தளத்திலும் வந்துவிட்டது. ஆஸ்கர் பரிந்துரை அறிவித்தது ஜனவரி 23-ஆம் தேதி. 'சைட்வேஸ்' எந்த அறிவிப்பைப் பிடித்துக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் தியேட்டர்களுக்குள் போனதோ, அதே அறிவிப்பு வந்தபோது இந்தப் படம் பாதி அமெரிக்காவின் வரவேற்பறை டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பரிந்துரையைக் கேள்விப்பட்டு "அட, பாக்கணுமே" என்று நினைத்தவன் எதற்குக் காரை எடுப்பான்?

ஸ்டூடியோக்காரர்கள் முட்டாள்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கொரோனா காலத்தில் யுனிவர்சல், பெரிய தியேட்டர் நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. படம் வந்து 17 நாளிலேயே அதை வீட்டிலிருந்து வாடகைக்குப் பார்க்க விடலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. ஃபோகஸ் அந்த யுனிவர்சலின் பிள்ளைதான். தியேட்டரில் விற்கும் டிக்கெட்டில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரருக்குப் போய்விடும். வீட்டில் பார்ப்பவர் கட்டும் வாடகையில் எண்பது சதவீதம் அளவுக்கு ஸ்டூடியோவுக்கே வரும். இன்னொரு முறை விளம்பரம் செய்யவும் வேண்டாம், தியேட்டர் விளம்பரத்தின் சூடு ஆறுவதற்குள் விற்றுவிடலாம். அவர்கள் கணக்குப்படி சரி.

ஆனால் அந்த வீட்டு வாடகைப் பணம் எவ்வளவு என்று பொதுவில் வருவதில்லை. தியேட்டர் வசூல் மட்டும்தான் வெளியே வருகிறது. ஆக, தாங்களே மூன்று வாரத்தில் கதவைச் சாத்திவிட்டு, அந்த மூன்று வாரத்துக் கல்லாவை மட்டும் எண்ணி "பாருங்க, இந்த மாதிரிப் படத்துக்கு இவ்வளவுதான்" என்கிறார்கள். அதை நம் ஆட்களும் அப்படியே மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். அந்தத் தொகை படத்துக்கு எத்தனை நாள் விட்டார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. அதில் கதையின் பலம் தெரியாது, ரசிகனின் வயசும் தெரியாது.

ஒரேயடியாக இதை மட்டுமே காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். கொரோனாவுக்குப் பிறகு தியேட்டர் பழக்கத்தை விட்டவர்களில் வயசானவர்கள் நிறைய. வீட்டு டிவி பெரிதாகிவிட்டது. அதோடு, அந்தப் பொற்காலத்திலும் எல்லாப் படமும் 'சைட்வேஸ்' ஆகிவிடவில்லை. 2013-இல் நிக்கோல் ஹாலொஃப்செனரின் 'இனஃப் செட்' வந்தது. விவாகரத்தான இரண்டு நடுவயசுக்காரர்கள் காதலிக்கத் தயங்கித் தயங்கித் தடுமாறும் படம், ஜூலியா லூயிஸ் டிரைஃபஸ், ஜேம்ஸ் கேண்டோல்ஃபினி. கேண்டோல்ஃபினி அந்த ஜூனில் இறந்துபோனார், படம் செப்டம்பரில் வந்தது. பட்ஜெட் 80 லட்சம் டாலர், அமெரிக்க வசூல் 1 கோடியே 75 லட்சம் சுமார். யாரும் அதைத் தோல்வி என்று சொல்லவில்லை, சாதனை என்றும் சொல்லவில்லை. போட்ட காசுக்கு மேல் வந்தது, போதும் என்று இருந்தார்கள். எனக்கு அந்த மனநிலை பிடிக்கும். இன்று நூறு கோடி கிளப், முந்நூறு கோடி கிளப் என்று பேசிப் பேசி, லாபம் என்கிற எளிய சொல்லையே மறந்துவிட்டோம்.

நம் பக்கமும் இதே இழுபறி இருப்பதால் ஒரு வரி. ஹோல்டோவர்ஸ் அங்கே வெளியான அதே அக்டோபரில்தான் இங்கே 'லியோ' வந்தது. ஓடிடிக்கு எட்டு வார இடைவெளி விடாததால் அதன் இந்திப் பதிப்பை வடக்கே பெரிய மல்டிப்ளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவில்லை. விஜய் படத்துக்கு அது ஒரு கீறல். முதல் நான்கு நாளிலேயே அள்ளிவிடுகிற படத்துக்கு நான்கு வாரமா எட்டு வாரமா என்பது பெரிய கவலை இல்லை. மூன்றாம் வாரத்தில்தான் சூடு பிடிக்கக்கூடிய சின்னப் படத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. பேச்சுவார்த்தை மேஜையில் அந்தச் சின்னப் படத்துக்கு நாற்காலி இல்லை.

வசூல் தாளில் ஏறாத வசூலும் ஒன்று உண்டு. 'சைட்வேஸ்' ஓடிய பிறகு, மைல்ஸ் உருகி உருகிப் புகழும் பினோ நுவார் ஒயினின் விற்பனை அமெரிக்காவில் ஏறியது. அவன் வாயார வைத மெர்லோ என்ற இன்னொரு வகை ஒயினுக்கு அடி விழுந்தது, ஆனால் ஊரில் சொல்லும் அளவுக்கு இல்லை என்று பின்னால் ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். (அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்து, கடைசியில் பர்கர் கடையில் உட்கார்ந்து சாதாரணக் கப்பில் ஊற்றிக் குடிக்கும் 1961 ஷெவல் பிளாங் ஒயினிலேயே மெர்லோ கலந்திருக்கிறது என்பது தனிக் கூத்து.) பியூல்டன் என்ற ஊரில் அவர்கள் சாப்பிட்ட ஹிட்சிங் போஸ்ட் உணவகத்துக்கு இன்றும் படம் பார்த்தவர்கள் தேடிப் போகிறார்கள். ஐந்து மாதம் தியேட்டரில் இருந்து, வாயிலிருந்து வாய்க்குப் போன படத்துக்குத்தான் இது நடக்கும். வெள்ளிக்கிழமை ஓடிடியில் வந்து திங்கட்கிழமை அடுத்த படத்துக்கு அடியில் போய்விடுகிற படத்தின் பேரைச் சொல்லி எவனும் ஊர் விட்டு ஊர் போக மாட்டான்.

கடைசியாக நண்பருக்கு ஒரு தகவல். ஹோல்டோவர்ஸ் பிரிட்டனில் தியேட்டருக்கு வந்தது 2024 ஜனவரி 19-இல். நான்கே நாளில் ஆஸ்கர் பரிந்துரை. அங்கே அப்போது அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் பள்ளி விடுதியில் நடக்கும், அமெரிக்க நடிகர்களின் படம் அது. கடைசிக் கணக்கில் அமெரிக்காவில் எடுத்ததைவிட வெளிநாடுகளில் கூடுதலாகவே எடுத்திருக்கிறது. "ஆள் வராது" என்று அடுத்த முறை எழுதுவதற்கு முன், எந்த ஊரில், எந்த வாரம் என்பதையும் சேர்த்து எழுதவும்.