‘பசுப்பு’ என்றது பிழையா?

தருமபுரிப் பேச்சுப் போட்டியின் காணொளியை நண்பர்கள் பலர் அனுப்பிவிட்டீர்கள். ஆகவே முழுவதையும் விவரிக்கவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த அந்த மாணவி, ‘பசும்பொன்’ என்பதில் உள்ள பசுமை இலையின் நிறம் அன்று என்று சொல்லி, தன் வீட்டுத் தெலுங்கில் மஞ்சளைப் ‘பசுப்பு’ என்பதைச் சான்றாகக் காட்டினாள். நடுவர் இடைமறித்து, ‘வீட்டுத் தெலுங்கைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவராதே’ என்றார். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பெண் சொன்னது சரி. பசுமை என்ற பழஞ்சொல் ஒரே ஒரு நிறத்தின் பெயர் அன்று. வள்ளுவர் ‘பசுமண் கலம்’ என்றது சூளையில் சுடாத மண்பாண்டத்தை. அங்கே நிறத்துக்கு வேலையே இல்லை. குறுந்தொகை 399ஆம் பாடலில் பரணர், பிரிவுத் துயரில் பெண்ணின் மேனியில் படரும் நிறமாற்றமான பசலை, ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியைப் போன்றது என்றும், காதலர் தொடுந்தோறும் அது நீங்கி, விடுந்தோறும் பரவுகிறது என்றும் பாடுகிறார். அதே தொகையின் 98ஆம் பாடலில் தலைவி, தான் இந்த நிலைக்கு ஆளானதைத் தலைவனிடம் சொல்லப் போகிறவர் கையில் மழைக்காலத்துப் பீர்க்கம்பூக்கள் சிலவற்றைக் கொண்டுபோக வேண்டும் என்கிறாள். பீர்க்கம்பூ மஞ்சள். பாசியும் பசலையும் ஒரே வேரில் பிறந்தவை; ஒன்று பச்சை, மற்றொன்று பொன்னிறம். இதைத்தானே அவள் சொன்னாள்?

என் அக்கா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபோது, இராயக்கோட்டையில் பிறந்து வளர்ந்த எங்கள் பாட்டி வாசற்கதவைத் திறந்து வைக்கவே விடமாட்டார். ‘பச்ச ஒடம்பு, காத்துப் படக்கூடாது’ என்பார். பள்ளிக்கூடம் போகாத அவருக்கு, அந்தச் சொல்லில் இன்னும் ஆறாத, தேறாத உடம்பு இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. பச்சைத் தண்ணீர், பச்சைப் பிள்ளை, பச்சைப் புண் என்று நாம் அன்றாடம் பேசுவதும் அதே பொருளில்தான்.

‘அப்படியானால் இது தெலுங்கிலிருந்து வந்த சொல்லா?’ என்று சிலர் பாய்வீர்கள். இல்லை, கடன் வாங்கியதாக யாரும் சொல்லவில்லை. தெலுங்கில் ‘பச்சி’ என்றால் வேகாதது, ‘பசிடி’ என்றால் பொன். கன்னடத்தில் ‘ஹசி’ வேகாதது, ‘ஹசிரு’ பச்சை நிறம். பால் ‘ஹாலு’ ஆனது போல, பத்து ‘ஹத்து’ ஆனது போல, இங்கும் பகரம் ஹகரமாயிற்று. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இந்தச் சொற்களை ஒரே குடும்பமாகத்தான் வைத்திருக்கிறது. ‘பசு என்ற மாட்டிலிருந்து வந்தது பசுமை’ என்று பின்னூட்டமிடத் தயாராக இருப்பவர்களுக்கு ஒரே பதில்: அது வடசொல், இதற்கும் அதற்கும் உறவில்லை.

நடுவர் தம் உரையைத் தொடங்கியதே ‘பைந்தமிழ்’ என்ற சொல்லோடுதான். பசுமையும் இலையும் சேர்ந்து பாசிலை ஆவதற்கும், பசுமையும் தமிழும் சேர்ந்து பைந்தமிழ் ஆவதற்கும் நன்னூலில் விதி இருக்கிறது. அங்கே பசுமை என்றால் இளமை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்திருந்தும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை நிறுத்தினார் என்பதுதான் வலிக்கிறது.

ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிக்கொண்டு, பள்ளியில் தமிழ் படித்து, தமிழிலேயே கனவு காணும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சில் நம் பழஞ்சொற்களின் பொருள் உயிரோடு கிடக்கிறது. அதை மேடைக்குக் கொண்டுவந்தவளை வெளியாள் என்று உணரவைத்துவிட்டு, பிள்ளைகள் தமிழில் ஆர்வம் காட்டுவதில்லை என்று அடுத்த கூட்டத்தில் வருந்துவதில் எந்த நியாயமும் இல்லை. போட்டியை நடத்தியவர்கள் யாரேனும் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன்: பரிசு வேண்டாம், அவளை அதே மேடைக்கு அழைத்து, பாதியில் நின்ற அந்தப் பேச்சை முடிக்கவிடுங்கள்.