கருத்தடை மாத்திரைதான், சொல்லியே கொடுங்கள்

சினைப்பை நீர்க்கட்டிக்கு டாக்டர்கள் எழுதித் தரும் ‘ஹார்மோன் மாத்திரை’ பெரும்பாலும் கருத்தடை மாத்திரைதான். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் அதையேதான் எழுதுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. சொல்லாமல் கொடுக்கிறார்களே, அதுதான் தவறு.

போன வாரம் ஒரு அம்மா போன் செய்தார். மகள் என்னிடம் படித்தவள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம், பெண் இப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு நாலைந்து மாதம் மாதவிலக்கு வராமல் தள்ளிப்போகும், வந்தால் நிற்காது. ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு, நீர்க்கட்டி இருக்கிறது, இந்த ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிடட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த அட்டை வாங்கப் போன இடத்தில் மெடிக்கல்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்திருக்கிறார்.

“டீச்சர், டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரைன்னுல்லா சொன்னாவ. இது புள்ள பெறாம இருக்கதுக்குள்ள மாத்திரையாம்லா! மெடிக்கல்காரன் என்னை ஒரு மாதிரி பாக்கான். கட்டிக்கொடுக்காத புள்ளைக்கு இதக் குடுக்கலாமா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா என்ன சொல்லுவாவ?”

அன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், அட்டையின் நடுவிலேயே. நடுவில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு வரும், அது இயல்பு. ஆனால் இவர்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லையே. உதிரத்தைப் பார்த்ததும், பார், மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டது என்று வீடே முடிவு செய்துவிட்டது.

அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லாமல் விட்ட டாக்டர் மேல்தான். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், கருத்தடை என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம், எல்லாம் புரிகிறது. ஆனால் இந்த ஊரில் எந்த விஷயம் மெடிக்கல் கடையைத் தாண்டி மறைந்திருக்கிறது? அட்டையின் படத்தை போனில் எடுத்துத் தேடினாலே முதல் வரியில் வந்துவிடும். பிறகு அந்த டாக்டர் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

சரி, கருத்தடை மாத்திரைக்கும் நீர்க்கட்டிக்கும் என்ன சம்பந்தம்? மாதாமாதம் ஒரு முட்டை முதிர்ந்து சினைப்பையை விட்டு வெளியே வரவேண்டும். வந்தால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்கும். நாம் நீர்க்கட்டி என்று சொல்லும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குப் பல மாதங்களில் முட்டை வெளியே வருவதே இல்லை. ஸ்கேனில் தெரிவதும் வளர்ச்சி பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள்தான், பயப்படுகிற மாதிரிக் கட்டி இல்லை. புரோஜெஸ்டிரோன் இல்லாத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் தனியே வேலை பார்த்து, கருப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். நாமோ, கோயில் கொடைக்கு நாள் குறித்திருக்கிறது, வராமல் இருந்தால் நல்லதுதானே என்று நிம்மதியாக இருப்போம். ஆண்டுக்கணக்கில் இப்படியே விட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வரவேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனும் இருக்கிறது, புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனும் இருக்கிறது. பின்னது உள்சவ்வைத் தடிக்கவிடாமல் காக்கிறது. இன்னொரு வேலையும் நடக்கிறது. எல்லாப் பெண்கள் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. பிசிஓஎஸ்ஸில் அது கூடிவிடும். தாடையில் முடி, அடங்காத முகப்பரு, உச்சி வகிடு அகன்றுகொண்டே போவது எல்லாம் அதனால் வருபவை. மாத்திரை சினைப்பையைத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனை அடக்குகிறது. கூடவே, கல்லீரலில் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கூட்டி, இரத்தத்தில் திரியும் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கிறது. பரு சில மாதங்களில் தணியும். முடி அப்படி இல்லை, குறைந்தது ஆறு மாதமாவது ஆகும். நான் கல்லூரி நாட்களில் இதைச் சாப்பிட்டபோது, மாத்திரையும் போட்டுக்கொண்டு திரெடிங்குக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆரம்பத்தில் குமட்டல் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பழகியதும் அடங்கிவிட்டது.

இந்த மாத்திரையின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1957-இல் இது முதலில் அனுமதி பெற்றது மாதவிலக்குக் கோளாறுகளுக்கான மருந்தாகத்தான். கருத்தடைக்கு என்று அனுமதி கிடைத்தது 1960-இல். ஆக, மாதவிலக்குச் சரியாக வருவதற்காக ஒரு பெண் இதைச் சாப்பிடுவது புதிய பழக்கமும் இல்லை, கூச்சப்படவேண்டிய காரியமும் இல்லை. குழந்தைக்கு இப்போது முயலாத பெண்களுக்கு, ஒழுங்கற்ற மாதவிலக்குக்கும் முடி வளர்ச்சிக்கும் முதலில் கொடுக்க வேண்டிய மருந்து இதுதான் என்று 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டியும் சொல்கிறது. அதே வழிகாட்டி, வளரிளம் பருவப் பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்றும் சொல்கிறது. நம் ஊரில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதலில் எழுதுவதே ஸ்கேன்தான், என்னத்தைச் சொல்ல!

மாத்திரை செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். இது பிசிஓஎஸ்ஸை வேரோடு எடுத்துவிடாது. சாப்பிடும் வரை மாதாமாதம் வரும், நிறுத்தினால் பலருக்குப் பழைய கதைதான். இதைச் சொல்லாமல் விடுவதால்தான், மாத்திரையை நம்பி ஏமாந்துவிட்டோம் என்ற பேச்சு வருகிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தியதும் பிரஷர் ஏறினால் மாத்திரையையா திட்டுகிறோம்? குழந்தை தங்காமல் போய்விடும் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. நிறுத்தினால் மாத்திரையின் வேலையும் சீக்கிரமே முடிந்துவிடும். அதற்குப் பிறகும் முட்டை வராவிட்டால் அது முன்பே இருந்த கோளாறு. அதற்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன.

இந்த மாத்திரை தொடாத பக்கம் இன்னொன்று உண்டு, இன்சுலின். என்னிடம் படித்த அந்தப் பெண்ணின் பின்கழுத்து மடிப்பு கறுத்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். பள்ளிக்கூட நாட்களில் அவள் அம்மா அதை அழுக்கென்று நினைத்து, பீர்க்கங்கூட்டால் தோல் சிவக்கத் தேய்த்துவிடுவார். காலை வரிசையில் கழுத்தைச் சட்டைக் காலருக்குள் ஒளித்துக்கொண்டு நிற்பாள். அது அழுக்கே இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது, தேய்த்தால் போகாது. இப்படிப்பட்டவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து சுகர் பார்க்க வேண்டும், கொழுப்பும் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் கொடுப்பது இந்தப் பக்கத்துக்காகத்தான். நடையும் சாப்பாட்டு மாற்றமும் உதவும். ஆனால் எடையைக் குறை, எல்லாம் சரியாகும் என்று ஒரே வரியில் முடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஒல்லியான பெண்களுக்கும் இது வருகிறது. அவர்களிடம் எதைக் குறைக்கச் சொல்வார்கள்?

ஆச்சி கிண்டித் தரும் உளுந்தங்களியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், கருப்பட்டியை மட்டும் பார்த்துப் போடுங்கள். சித்த வைத்தியம்தான் பார்ப்போம் என்றால் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போய்க் காட்டுங்கள். வாட்ஸப்பில் வந்த கழற்சிக்காய்ப் பொடியை ஒரு பக்கமும் மாத்திரையை ஒரு பக்கமும் முழுங்கிவிட்டு, சித்த வைத்தியர், டாக்டர் இரண்டு பேரிடமும் மறைக்காதீர்கள்.

சிலருக்கு இந்த மாத்திரை ஆகாது. ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி வெட்டுகிறவர்கள், இரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், சிலவகைக் கல்லீரல் நோய் உள்ளவர்கள், முப்பத்தைந்து வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் மாத்திரையின் வேலை குறையும். சைப்ரோடிரோன் கலந்த மாத்திரைக்கு இரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடுதல், எடுத்த எடுப்பில் அதைக் கொடுக்க வேண்டாம் என்பது அந்த வழிகாட்டியின் கருத்து. மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையை மட்டும் சில நாள் கொடுத்து மாதவிலக்கை வரவழைக்கலாம். இதையெல்லாம் கேட்காமல் மாத்திரை எழுத முடியாது. கேட்க வேண்டுமானால் இது என்ன மாத்திரை என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். மகளையும் கூட்டிக்கொண்டு, முடிந்தால் அப்பாவையும் சேர்த்து, வேறொரு டாக்டரிடம் போகச் சொன்னேன். பிரஷர் பார்த்தார்களா என்று கேட்டேன், பார்க்கவே இல்லையாம். விலை கட்டுப்படியாகவில்லை என்றும் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அதுவும் இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரைதான், கடைசி ஏழு மட்டும் இரும்புச் சத்து. நமக்கு அது போதுமா என்று டாக்டரிடமே கேளுங்கள், விலை கூடிய அட்டைதான் நன்றாகக் கேட்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றேன். அங்கேயே கிடைக்கும் சாயா மாத்திரையை மட்டும் தெரியாமல் வாங்கிவிடக் கூடாது. அதுவும் கருத்தடைக்குத்தான், ஆனால் வேறு மருந்து, பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்று திரும்பவும் கேட்டார். வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டாள் என்று சொல்லுங்கள், அதைக் கேட்டு எழுந்து போகிற வீட்டில் உங்கள் மகளுக்கு என்ன வேலை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அவ அப்பாட்ட நீங்க பேசுதியளா டீச்சர்?” என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

எந்த மாத்திரை நல்லது என்று தயவுசெய்து என்னை இன்பாக்ஸில் கேட்காதீர்கள். உங்கள் பிரஷரும் தலைவலியும் எனக்குத் தெரியாது.